பாலியல் அடிமைத்தன மீட்புக் குழுக்களில் விவாதமும் எல்லைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு படிகளைப் பின்பற்றும் பாலியல் அடிமைத்தன மீட்புக் குழுக்களில் செயலாளராகவோ கூட்டத் தலைவராகவோ இருப்பவர்களும், குழுச் சண்டையைப் பார்த்து மனம் நொந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. படிகள் தனி மனிதர் மீள்வதற்கு. மரபுகள் குழு உடையாமல் இருப்பதற்கு. ஸ்பான்சர் என்பவர் படிகளை ஏற்கெனவே கடந்து, இன்னொருவரைக் கைபிடித்து நடத்துகிறவர். இந்த மூன்று சொற்களும் கீழே அடிக்கடி வரும்.

ஒரே பிரச்சினைக்கு ஏன் இத்தனை அமைப்புகள்?

எல்லாவற்றுக்கும் தாய், குடியிலிருந்து மீள்பவர்களுக்காக 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் படிகளையும் மரபுகளையும் எடுத்து, மது என்ற இடத்தில் தங்கள் நோவை வைத்து அமெரிக்காவில் அடுத்தடுத்துக் குழுக்கள் உருவாயின. 1976இல் பாஸ்டனில் செக்ஸ் அண்ட் லவ் அடிக்ட்ஸ் அனானிமஸ், 1977இல் மினியாபொலிஸில் செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸ், பிறகு கலிஃபோர்னியாவில் செக்ஸஹாலிக்ஸ் அனானிமஸ், நியூயார்க்கில் செக்ஸுவல் கம்பல்சிவ்ஸ் அனானிமஸ்.

இவற்றைப் பிரிப்பது முக்கியமாக ஒரே கேள்விதான்: 'விட்டுவிட்டேன்' என்றால் எதை விட்டேன்? அப்படி விட்டிருக்கும் நிலையைத்தான் இந்தக் குழுக்களில் 'தெளிவு' என்கிறார்கள். குடிப்பவருக்குக் கோட்டில் குழப்பமில்லை; முதல் கிளாஸைத் தொடக்கூடாது. காமம் பசியைப் போல உடம்போடு பிறந்தது. கோட்டை எங்கே போடுவது என்பதில் ஆளாளுக்கு நியாயம் உண்டு.

செக்ஸஹாலிக்ஸ் அனானிமஸ் எல்லோருக்கும் ஒரே கோட்டைப் போடுகிறது: திருமணத் துணையைத் தவிர வேறு யாருடனும், தன்னோடு தானேயும், பாலுறவு கூடாது. அந்தத் துணை என்பது ஆண் பெண் திருமணத்தையே குறிக்கும் என்று 1999இல் க்ளீவ்லாந்தில் விளக்கம் சேர்த்தார்கள். அதையொட்டிய மனவருத்தம் இன்றும் இருக்கிறது. செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸில் ஒவ்வொருவரும் ஸ்பான்சரோடு உட்கார்ந்து மூன்று வட்டங்கள் வரைகிறார்கள். பாஸ்டனில் பிறந்த அமைப்பில் தான் செய்யவே கூடாதவற்றின் பட்டியலான அடிக்கோட்டை அவரவரே வகுக்கிறார். நியூயார்க் அமைப்பில் ஒரு மீட்புத் திட்டத்தை எழுத்தில் வைக்கிறார்கள்.

எங்கள் குழுவில் 'எது தெளிவு' என்று ஓயாத சண்டை. யார் சொல்வது சரி?

குழு எந்த அமைப்பில் பதிவாகியிருக்கிறதோ, அதன் வரையறையே அந்த அறையில் செல்லும். நாலாவது மரபு குழுவுக்குச் சுதந்திரம் தருகிறது. ஆனால் மற்றக் குழுக்களையோ மொத்த அமைப்பையோ பாதிக்கும் விஷயத்தில் அது செல்லாது. வரையறை அப்படிப்பட்ட விஷயம். வேறு ஊரிலிருந்து வரும் ஒருவர் அமைப்பின் பெயரை நம்பித்தான் கதவைத் திறக்கிறார்; உள்ளே வேறு சட்டம் நடந்தால் அவர் ஏமாந்துபோவார்.

மூன்றாவது மரபின்படி உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, நிறுத்த வேண்டும் என்ற ஆசை. ஆகவே வரையறையோடு உடன்படாதவரும் உட்காரலாம், பேசலாம். எத்தனை நாள் தெளிவு என்று நாள் கணக்கு சொல்லும்போதும் பொறுப்பு ஏற்கும்போதும் மட்டும் அந்த அமைப்பின் அளவுகோல் பொருந்தும். வருவதற்கான தகுதியையும் பொறுப்புக்கான தகுதியையும் பிரித்துப் பார்த்தாலே பெரும்பாலான சண்டை அடங்கிவிடும். பிறகும் அந்த வரையறைக்குள் மூச்சு முட்டுகிறது என்பவர் வேறு அமைப்பின் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அவர் எங்கே மீள்கிறாரோ அதுவே அவருக்குச் சரியான இடம். அதைத் துரோகமாகப் பேசக்கூடாது.

மூன்று வட்டங்களை எப்படி வரைவது? எங்கே தவறு நடக்கிறது?

உள்வட்டத்தில், செய்தால் தெளிவு போய்விட்டதாகக் கணக்காகும் செயல்கள். நடுவட்டத்தில், அந்தப் பக்கம் இழுத்துச் செல்லும் வழுக்கல்கள். வெளிவட்டத்தில், உயிர் கொடுக்கும் பழக்கங்கள்.

முதல் தவறு, உள்வட்டத்தில் எண்ணங்களை எழுதுவது. 'கெட்ட நினைப்பு' என்று எழுதியவர் ஒவ்வொரு நாளும் தோற்பார். மூன்றே வாரத்தில் தாளைக் கிழித்துப் போடுவார். செய்தோமா இல்லையா என்று ஆம்-இல்லையில் பதில் சொல்லக்கூடிய செயல்களை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது, நடுவட்டத்தை மொட்டையாக விடுவது. 'ஃபோன்' என்று எழுதினால் பயனில்லை. 'படுக்கைக்கு ஃபோனை எடுத்துச் செல்வது', 'கழிவறைக்குள் ஃபோனோடு போவது', 'வீட்டில் வாக்குவாதம் முடிந்ததும் காரணமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது' என்று எழுதினால் அந்த நொடியில் தன்னைப் பிடித்துக்கொள்ள முடியும். மூன்றாவது, ஆசை கொதிக்கும் நேரத்தில் கோட்டை நகர்த்துவது. எந்த மாற்றமும் ஸ்பான்சரோடு பேசி, மறுநாள் முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் செய்த திருத்தம் செல்லாது.

குறுக்குப் பேச்சு என்றால் என்ன? ஆறுதல் சொல்வதுகூடக் குற்றமா?

கூட்டத்தில் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வது பகிர்வு. அதற்கு இன்னொருவர் பகிர்வு நேரத்தில் நேரடியாகப் பதில் சொல்வது குறுக்குப் பேச்சு. அறிவுரை, கேள்வி, திருத்தம், பாராட்டு, பெயர் சொல்லிக் குறிப்பிடுவது எல்லாம் இதில் அடங்கும். தலையை ஆட்டி 'ச்சு' கொட்டுவதும் சில நேரம் அதே வேலையைச் செய்யும்.

அன்பில்லாத விதியாகத் தெரியலாம். காரணம் இது: பல வருடம் இரட்டை வாழ்க்கை வாழ்ந்த ஒருவர் முதல்முறை உண்மை பேசும்போது, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே அடுத்த வாக்கியத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு ஊறிப்போயிருக்கும். பதிலே வராத அறையில்தான் அந்தப் பழக்கத்துக்கு வேலையில்லாமல் போகிறது. ஆறுதல் சொல்லலாம். கூட்டம் முடிந்த பிறகு, அவரிடம் கேட்டுவிட்டு.

மறைமுகக் குறுக்குப் பேச்சையும் கவனிக்க வேண்டும். 'சிலர் இங்கே வந்து சாக்குப்போக்கு சொல்கிறார்கள்' என்று பெயர் சொல்லாமல் குத்துவது, விவாதத்தைப் பகிர்வுக்குள் கடத்திக்கொண்டு வருவதாகும். பகிர்வுக்கான சொல் 'நான்'. 'நீங்கள்', 'நாம்', 'சிலர்' வரத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது.

எவ்வளவு விவரமாகப் பேசலாம்?

நேர்மை வேண்டும், படம் வேண்டாம். ஒரு பகிர்வு இப்படி இருக்கலாம்: 'நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு ஃபோனை எடுத்தேன். இரண்டு மணி நேரம் போய்விட்டது. காலையில் மகள் பேசும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.' இதில் எதுவும் மறைக்கவில்லை. எந்தச் செயலி, எந்தத் தளம், எந்தத் தெரு, எவ்வளவு பணம், யாருடைய உடல், எப்படித் தேடிக் கண்டுபிடித்தார் என்று எதுவும் இல்லை.

அப்படித்தான் இருக்க வேண்டும். கதவோரம், விட்டு நாலே நாள் ஆன ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அது வரை தெரியாத ஒரு செயலியின் பெயரை நம் வாயால் சொன்னால், அன்று இரவு அது அவர் ஃபோனில் இருக்கும். விவரம் பேசியே ஆக வேண்டும் என்றால் அதற்கு இடம் உண்டு: தன் தவறுகளை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளும் ஐந்தாம் படியில் ஸ்பான்சரிடம், அல்லது மனநல ஆலோசகரிடம்.

எல்லை மீறுபவரைத் தலைவர் எப்படி நிறுத்துவது?

நிறுத்தும் முறையைத் தொடக்க வாசிப்பிலேயே சொல்லிவிடுங்கள்: 'யாருக்காவது ஒரு பகிர்வு தூண்டுதலாக இருந்தால் கையை உயர்த்தலாம், பேசுகிறவர் விவரத்தை விட்டு மேலே செல்வார்.' முன்பே அறிவித்த விதி யாரையும் அவமானப்படுத்தாது. அந்த இடத்திலேயே யோசித்துச் சொல்வது அவமானப்படுத்தும்.

கை உயர்ந்தும் பேச்சு தொடர்ந்தால் தலைவர் ஒரே வரி சொன்னால் போதும்: 'நன்றி. அந்தப் பகுதியை ஸ்பான்சரிடம் சொல்லுங்கள். இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.' விளக்கம், மரபு எண், கண்டிப்பு எதுவும் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தலைவரும் இன்னொரு மூத்த உறுப்பினரும் அவரைத் தனியே பார்த்துப் பேசலாம். தலைவர் ஒருவராகப் போனால் பிறகு 'அவர் சொன்னார், இவர் சொன்னார்' ஆகிவிடும்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. 60 நிமிடக் கூட்டத்தில் வாசிப்பும் அறிவிப்பும் 15 நிமிடம் எடுக்கும். மீதி 45. பன்னிரண்டு பேர் இருந்தால் தலைக்கு மூன்றே முக்கால் நிமிடம்; ஆள் மாறும் இடைவெளியைக் கழித்தால் 3 நிமிடம். 2 நிமிடத்தில் ஒரு அட்டை, 3 நிமிடத்தில் மெல்லிய மணி. மணி எல்லோருக்கும் அடிக்க வேண்டும். பத்து வருடத் தெளிவுள்ள மூத்தவருக்கு அடிக்கத் தயங்கினால், அன்றோடு அந்த விதி செத்துவிட்டது.

அப்படியென்றால் விவாதமே கூடாதா?

தாராளமாக வேண்டும். விவாதம் நடக்காத குழுவில் முணுமுணுப்புதான் நடக்கும். அது படிக்கட்டிலும் பின்னிரவுத் தொலைபேசியிலும் வளர்ந்து, ஒரு நாள் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். விவாதத்துக்கு உரிய இடம் நிர்வாகக் கூட்டம். இரண்டாவது மரபு சொல்லும் குழு மனசாட்சி அங்கேதான் உருவாகிறது.

மாதம் ஒருமுறை, வழக்கமான கூட்டம் முடிந்து 10 நிமிட இடைவெளிக்குப் பிறகு, 45 நிமிடத்துக்கு மிகாமல் வையுங்கள். இடைவெளி அவசியம், புதியவர்கள் சங்கடமில்லாமல் கிளம்பிப்போக அதுதான் நேரம். பேசப்போகும் விஷயத்தை ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள். திடீரென்று கொண்டுவரும் தீர்மானம், அன்று வராதவர்களுக்கு எதிரான தீர்மானம்.

மனக்குறையை அப்படியே வாக்குக்கு விட முடியாது. 'குறுக்குப் பேச்சு அதிகமாகிவிட்டது' என்பது புகார். 'அடுத்த 3 மாதத்துக்குத் தொடக்க வாசிப்பில் இந்த இரண்டு வரிகளைச் சேர்ப்போம்' என்பது தீர்மானம். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லை என்றால் அங்கேயே முடிந்தது. பிறகு சுற்றுமுறையில் தலைக்கு 2 நிமிடம். எல்லோரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக்கூடாது. நாவன்மை உள்ள இரண்டு பேர் குழுவை இழுத்துச் செல்வதை இந்த ஒரு விதியே தடுத்துவிடும். தலைவர் தன் கருத்தைச் சொல்ல விரும்பினால், அந்த விஷயம் முடியும்வரை நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

வாக்கெடுப்பு முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பல குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. தோற்ற தரப்பைப் பார்த்து 'நாங்கள் எதைக் கவனிக்கத் தவறினோம்?' என்று கேட்க வேண்டும். சிறுபான்மைக் குரலைக் கேட்டாக வேண்டும் என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் ஐந்தாவது கருத்துரு; கருத்துருக்கள் என்பவை அமைப்பின் நிர்வாகத்துக்கான கோட்பாடுகள். அதைக் கேட்டபின் ஜெயித்த தரப்பில் ஒருவர் மனம் மாறினால் மறுவாக்கெடுப்பு கேட்கலாம். சின்ன விஷயத்துக்குப் பெரும்பான்மை போதும். கூட்ட வடிவம், எல்லை விதிகள், யாரையாவது விலக்கி வைப்பது போன்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குறிப்பேட்டில் தீர்மானமும் எண்ணிக்கையும் போதும். யார் எந்தப் பக்கம் என்று எழுதாதீர்கள்.

யாருக்கு வாக்கு? இதைத் தன் சொந்தக் குழுவாக ஏற்று முறையாக வருகிறவர்களுக்கு. இந்த வரையறையைச் சண்டை இல்லாத காலத்திலேயே எழுதி வைக்காவிட்டால், வாக்கெடுப்பு நாளில் அது வரை பார்த்திராத முகங்கள் வந்து உட்காரும்.

மதம், அரசியல், மருத்துவம் பற்றிப் பேச்சு வந்தால்?

பத்தாவது மரபு: வெளி விவகாரங்களில் அமைப்புக்குக் கருத்து கிடையாது. ஆபாசப் படங்களைத் தடை செய்ய வேண்டுமா, எந்தக் கடவுள், எந்தக் கட்சி என்பவற்றை வெளியே பேசிக்கொள்ளலாம். 'நான் புரிந்துகொண்ட இறைவன்' என்று ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வது பகிர்வு. அதையே மற்றவரிடம் வலியுறுத்தினால் பிரசாரம்.

'இது உண்மையிலேயே நோயா?' என்பது அடிக்கடி மூளும் சண்டை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது, 'கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்தது. ஆனால் அடிமைத்தனங்களோடு வைக்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதைச் சேர்க்கவே இல்லை. மருத்துவ உலகிலேயே முடிவாகாததை 3 நிமிடப் பகிர்வில் முடிக்க முடியாது. குழுவுக்குத் தேவையும் இல்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல குழுவில் யாருக்கும் உரிமை கிடையாது. மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழுவில் என்ன எல்லைகள்?

ஸ்பான்சர், தன்னிடம் வருபவரின் ஈர்ப்புக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். பொதுவாக அது அதே பாலினத்தவர். தன்பாலீர்ப்பு உள்ளவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தனித்தனியாக வீட்டில் சந்திப்பது, வண்டியில் கொண்டுவிடுவது, பணம் கடன் கொடுப்பது மூன்றையும் தவிர்க்கலாம். புதியவரின் தொலைபேசி எண்ணை யாரும் கேட்கக்கூடாது. தொடர்புக்குத் தயாராக இருப்பவர்களின் எண்கள் உள்ள பட்டியலை அவரிடம் கொடுங்கள். வேண்டுமென்றால் அவரே கூப்பிடுவார்.

புதியவரின் பலவீனத்தைப் பயன்படுத்தி மூத்தவர் உறவு தேடுவதற்குப் 'பதின்மூன்றாம் படி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நோயோடு வருபவர்களின் அறையில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. என்ன செய்ய?

வாட்ஸ்அப்பில் முகம் தெரியாது, மணி அடிக்காது. அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். உதவி கேட்பதற்கு இன்னொரு குழு, அதில் 'தடுமாறுகிறேன், யாராவது கூப்பிடுங்கள்' என்று மட்டும் எழுதினால் போதும். பேச்சு தொலைபேசியில் நடக்கட்டும். படம், இணைப்பு, ஃபார்வர்டு எதுவும் வேண்டாம். குழுவின் பெயரில் நோயின் பெயர் வேண்டாம். உறுப்பினரின் ஃபோன் திரையில் மின்னும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. சேர்க்குமுன் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும்.

ரகசியம் எதுவரை?

யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் இங்கே பேசுவதற்கு, வழக்கறிஞரிடமோ மருத்துவரிடமோ பேசுவதற்கு இருப்பது போன்ற சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நம்பிவிடக்கூடாது. குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையைத் தெரிந்துகொண்டவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. தொடக்க வாசிப்பில் இதையும் படியுங்கள்: 'குழந்தைக்கு ஆபத்து, தற்கொலை எண்ணம், பிறரைத் தாக்கும் எண்ணம் வெளிப்பட்டால் ரகசியம் பொருந்தாது.' ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். கேட்டவர் அன்றே சொல்ல வேண்டும்.

ஒருவர் மற்றவர்களைத் தொந்தரவு செய்கிறார். வெளியேற்றலாமா?

மூன்றாவது மரபு அமைப்பின் கதவை யாருக்கும் மூடுவதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு வராதீர்கள் என்று சொல்லக் குழுவுக்கு உரிமை உண்டு. பொது நலனே முதலில் என்பது முதல் மரபு. முதலில் இருவர் தனியே பேசுங்கள், எந்தச் செயல் என்று தேதியோடு சொல்லி. தொடர்ந்தால் குழுவின் முடிவை எழுத்தில் கொடுத்து, 3 மாதம் என்று கால அளவு வைத்து விலக்கி வையுங்கள். வேறு கூட்டங்களின் விவரத்தையும் கொடுங்கள். பாதிக்கப்பட்டவரை எதிரில் உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள். தொட்டார், பின்தொடர்ந்தார், மிரட்டினார் என்றால் இந்த வரிசைமுறை தேவையில்லை. உடனே விலக்கலாம், பாதிக்கப்பட்டவர் காவல் துறைக்குப் போக விரும்பினால் கூடவே போகலாம்.

பொறுப்பில் இருப்பவர் மீண்டும் விழுந்துவிட்டால்?

பொறுப்பை விட்டு இறங்குவார், மற்றவர்களோடு சாதாரண நாற்காலியில் உட்காருவார். செயலாளர், பொருளாளர் பொறுப்புக்கு இத்தனை நாள் தெளிவு வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் இதில் பேச்சே வராது. நாற்காலி அடுக்குவது, வாசலில் வரவேற்பது போன்ற வேலைகளுக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். விழுந்தவருக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் அடுத்த வாரமும் வருவார்.

மனைவியோ கணவரோ கூடவே வரலாமா?

உறுப்பினர்களுக்கு மட்டுமேயான மூடிய கூட்டத்துக்குக் கூடாது. குடும்பத்தினருக்கு எஸ்-அனான், கோசா என்று தனி அமைப்புகள் உண்டு.

முதல்முறை வரப்போகிறேன். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது.

முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். அதுவும் உங்கள் உண்மைப் பெயராக இருக்க வேண்டியதில்லை. பேச வேண்டாம் என்றால் 'இன்று கேட்கிறேன்' என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். உண்டியல் வந்தால் புதியவர் போட வேண்டியதில்லை. நிர்வாகக் கூட்டத்துக்கு இருக்க வேண்டாம், இடைவெளியில் கிளம்பிவிடுங்கள். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல் ஆறு முறையாவது போய்ப் பாருங்கள், முடிந்தால் வேறு வேறு குழுக்களில். மணி எல்லோருக்கும் ஒரே மாதிரி அடிக்கிறதா, விவரம் மீறும்போது யாராவது கையை உயர்த்துகிறார்களா, கூட்டம் முடிந்ததும் உங்கள் எண்ணைக் கேட்காமல் தங்கள் எண்ணைத் தருகிறார்களா என்று கவனியுங்கள். கதவோர நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அதில் உட்காருங்கள்.